தாங்கல் என்னும் சொல்

கருவேழ நாட்டைக் காக்கும் பெருந்தேவி செம்பியாள், மேலைக் கொன்றூர் வேளும் நம் உடன்பிறந்தானுமாகிய பொறையாண்டானுக்கு விடுத்த ஓலை. நின் கொற்றம் நிலைபெறுக. நின் குடிகளும் கால்நடையும் குறைவின்றி இருக்க.

தம்பி, சற்று அருகே வந்து அமர். ஒரு கதை சொல்கிறேன், நீளமில்லை.

நின் தறிக்குடிகள் அறுபது வீட்டாருக்கு நிலம் தேடுகிறாய் என்றும், சித்திரைக்குள் எல்லைக்கல் நடாவிடில் மழைக்குப்பின் விலை ஏறிவிடுமெனத் தரகர் ஏழியான் உரைத்தார் என்றும், வரும் பௌர்ணமியில் கல் நட நீ இசைந்தாய் என்றும் நம் தூதர் வந்து சொன்னார்.

அதே ஏழியான் மூன்றாண்டுக்கு முன் நம் அவைக்கும் வந்து அதையேதான் சொன்னார். பங்குனி வெயிலில் கூழைத்தாங்கலுக்கு நம்மை அழைத்துப் போனார். தரை வெடித்துக் கிடந்தது. தாங்கல் என்னும் பெயர் எதனால் என்று வினவினோம். குடிகளைத் தாங்கும் மண் ஆதலால் தாங்கல் என்றார். சொல் அழகாயிருந்தது, தலையசைத்துவிட்டோம். நீரைத் தாங்கும் ஏரிக்கும் அதுவே பெயரென்று நமக்குத் தெரியாதா, தம்பி? தெரியும். அன்று நினைவுக்கு வரவில்லை.

நெய்வார் குடியேறித் தறிக்குழி தோண்டினர். ஐப்பசி பிறந்து எட்டாம் நாள், வெள்ளச்சி என்னும் நெய்வாள் ஈரச் சேலையோடு அரண்மனை வாயிலில் வந்து நின்றாள்.

"தாயி, தறிக்குழியில மீன் கெடக்கு."

அவள் அழவில்லை. ஏரிக் கலிங்கைத் திறந்து நீரை வடிக்க என் இளைய மகன், நின் மருமகன், சேந்தன் போனான். நீர் மூன்றாம் நாள் வடிந்தது. அவன் வரவில்லை. அவன் வேட்டி இன்னும் கொடியில் கிடக்கிறது. எடுத்து மடிக்கச் சொல்ல வாய் வரவில்லை.

ஏழியானை அழைப்பித்தோம். "விலை ஏறும்னு சொன்னேன், ஏறிச்சே தாயி" என்றார். மெய்தான். வீடிழந்தோர் எல்லாரும் மேட்டுநிலம் தேட, மேட்டுநிலம் மும்மடங்காயிற்று. அதையும் இப்போதே வாங்கிவிடுக என்றார். தண்டிக்க நமக்குள் ஒன்றும் எழவில்லை, போகச் சொன்னோம். கல் நடும் நாளில்தான் அவர் கைக்குக் கூலி வருகிறது. ஆகவே எந்நாளும் அவருக்கு நன்னாளே. அவர் பொய்யர் அல்லர், தம்பி. நாள் குறிக்க நாம்தான் தவறான ஆளைக் கேட்டோம்.

நீ வாங்கவிருக்கும் நிலத்தின் பெயர் கீழையேந்தல் எனத் தூதர் சொன்னார். அது எதை ஏந்துமென்று அவரைக் கேள். குடிகளை ஏந்தும் என்பார்.

ஆதலின் நாம் இடும் ஆணை இது: பௌர்ணமியில் கல் நடற்க. ஐப்பசியும் கார்த்திகையும் அந்நிலத்தில் குடிசையிட்டுத் தரகர் தம் மனைவி மக்களோடு தங்கட்டும். அவர் அடுப்பு அணையாதிருந்தால் தையில் வாங்கு. விலை ஏறியிருக்கும், ஏறட்டும். மிகுதியை நம் கருவூலம் தரும்.

நம் கைச்சாத்தும் வேழ முத்திரையும் இட்டோம். நின் வீட்டு அடுப்பு நனையாதிருக்க. நின் வாசலை விட்டுப் போகிற பிள்ளைகள் உலர்ந்த காலோடு திரும்பி வருக.