உங்கள் பக்கத்தில் அடித்த முளைக்குச்சி

ஏனுங்க, என் அருமை ரைட்டருக்கு,

நான் ஒரு சவத்தை மறித்தேன் என்று ஒண்டிக்கடை ஊர் முழுக்கப் பேசிக்கொள்கிறார்கள். மறிக்கவில்லை. ஒரு மங்கள வார்த்தை ஜெபம் சொல்லி முடிக்கும் நேரம் குழியருகே நின்றேன், பிறகு விலகி வழிவிட்டேன். பெட்டி இறங்கியதும் மற்றவர்களைப் போல நானும் ஒரு பிடி மண் போட்டேன். இதை முதலில் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தின் நகலைக் கோயில் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்போகிறேன். வாய்வார்த்தையாகப் பரவியதை எழுத்தில்தான் திருத்த வேண்டும்.

செத்தது யார் தெரியுமா? நாகலூர் ஆரோக்கியம். உங்கள் எஸ்டேட் பேரேட்டில் முப்பது வருஷம் பெயர் இருந்தவள். காபிப் பழம் பறிக்கும்போது பச்சைக்காய் ஒன்றுகூட அவள் கூடையில் இருக்காது என்று சொல்வீர்களே, அவளேதான். அவளுக்காகத்தான் அன்று கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். போய்ப் பார்த்தால், நீங்கள் படுத்திருக்கும் மேட்டுக்கு வலப்பக்கம் என் இடத்தில் குழி வெட்டியிருக்கிறார்கள்.

"சின்னப்பா, இங்கே ஒரு குச்சி இருந்ததே?" என்று குழிவெட்டுகிற சின்னப்பனிடம் கேட்டேன்.

"இருந்துச்சுங்கம்மா. ஆரோ பூச்செடிக்கு ஊனுன குச்சியாட்ட இருந்துச்சு, புடுங்கி வீசிட்டனுங்க. ஏனுங்கம்மா, வேணுங்களா?"

வேணுமா என்று கேட்கிறார். அந்தக் குச்சியை வெட்டிப்போட்ட மண்ணிலிருந்து நானே தேடி எடுத்தேன்.

இனி உங்கள்மேல் உள்ள கோபம். எஸ்டேட்டில் ஒரு கூடை காணாமல் போனால்கூடத் தாளில் எழுதி, தேதி போட்டு, மேனேஜரிடம் கையெழுத்து வாங்கியவர் நீங்கள். நம் இரண்டு பேருக்கும் இடம் குறித்த அன்று மட்டும் என்ன செய்தீர்கள்? காபிக் கன்று நடுவதற்குக் கயிறு பிடிப்பதுபோலப் பிடித்து, ஆறடி விட்டு இரண்டு சில்வர் ஓக் குச்சிகளை அடித்தீர்கள். அன்றைக்கிருந்த பங்குச் சாமியார் பார்த்துத் தலையசைத்தார். எழுத்தில் வாங்குங்கள் என்று நான் சொன்னேன்.

"இங்க பாரு கான்வென்ட்டு," என்றீர்கள். "முளை அடிச்ச எடத்துல ஆரும் வேற கன்ன நட மாட்டாங்க. இந்த மலையில அது தெரியாத ஆளே இல்ல."

இருந்தார்கள். கல்லறைக் கமிட்டி முழுக்க இருந்தார்கள். அந்தச் சாமியார் மாற்றலாகிப் போய் எத்தனையோ வருஷமாயிற்று. தலையசைப்பைக் கோப்பில் வைக்க முடியுமா? உங்கள் குச்சியைப் பிடுங்கிய இடத்துக்குள் நீங்கள் போய்விட்டீர்கள். என் குச்சி மட்டும் பதினோரு வருஷமாக நின்றது. கறையான் அரித்தபோதெல்லாம் கல்லறைத் திருநாள் அன்று புதுக்குச்சி அடித்தேன். எல்லாவற்றுக்கும் எழுத்து கேட்கிற நான், இது ஒன்றுக்குக் கேட்காமல் உங்கள் பேச்சை நம்பினேன். இந்தத் தவறு என்னுடையதும்தான். அது தெரிவதால் கோபம் இன்னும் கூடுகிறது.

என்னுடைய இன்னொரு தவறையும் சொல்லிவிடுகிறேன். குழியருகே நான் நின்றபோது கமிட்டிச் செயலாளர் வேகமாக வந்தார்.

"மேடம், பெட்டி கேட் கிட்ட வந்திருச்சுங்க. செத்தப்பறம் எங்க பரி பண்ணுனா என்னுங்க?"

"பரி இல்லை, பெரி," என்று அவருடைய இங்கிலீஷைத் திருத்தினேன்.

அத்தனை பேர் முன்னால். யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். அவர் முகம் சுருங்கிவிட்டது. சாவுக்கு வந்த இடத்தில் உச்சரிப்பைத் திருத்தியது அநாகரிகம். அதற்காக அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவர் கேட்ட கேள்வியை மட்டும் நான் மன்னிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து நம் பழைய அகராதியை எடுத்தேன். நீங்கள் பைண்டு போட்டுக் கொடுத்தது. புதைப்பதற்கான அந்த ஆங்கிலச் சொல் எனக்குப் புதிதில்லை. கான்வென்ட் பள்ளியில் ஆங்கிலம் எடுத்த சிஸ்டர், எழுத்தில் 'யு' போட்டுவிட்டு ஒலியில் 'எ' என்று சொல்கிற விநோதத்தைக் கரும்பலகையில் எழுதி விளக்கியிருக்கிறார். பழைய இங்கிலாந்தில் ஒரே சொல்லை ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு மாதிரி சொன்னார்களாம். எழுத்து மேற்குப் பக்கத்திலிருந்து வந்து நிலைத்தது, ஒலி தென்கிழக்கு மூலையிலிருந்து வந்து நிலைத்தது. கல்யாணமான புதிதில் இதை உங்களிடம் சொன்னபோது என்ன சொன்னீர்கள், நினைவிருக்கிறதா? "நம்ம ஊடு மாதிரின்னு சொல்லு. எழுத்து உங்க கான்வென்ட்டு, சத்தம் எங்க எஸ்டேட்டு லைன் ஊடு." அன்று நான் சிரிக்கவில்லை. இப்போது சிரிக்கிறேன், கேட்க நீங்கள் இல்லை.

ஆனால் அகராதியில் நான் தேடியது வேறு. அந்தச் சொல்லின் வேர். மண்ணைத் தோண்டி மூடுவது என்பது பிறகு வந்து நின்ற பொருள். அதன் பழைய உறவுச் சொல் ஒன்றுக்குக் காப்பது, அடைக்கலம் கொடுப்பது என்று பொருள். நரியும் மழையும் தொடாதபடி, தெரிந்த ஓர் இடத்தில், தன் மனிதர்கள் அருகில் பத்திரமாக வைப்பது என்று நான் புரிந்துகொள்கிறேன். எங்கே வைத்தால் என்ன என்று கேட்கிறவருக்கு அந்தச் சொல்லை வாயில் எடுக்கவே உரிமையில்லை, எப்படி உச்சரித்தாலும்.

இதைப் படித்த அன்று யாரோடாவது சண்டை போட வேண்டும்போல் இருந்தது. மறுநாளே ஆரோக்கியத்தின் மகள் வந்தாள். நாகலூர் பஸ்ஸில் வந்து இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றாள். உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தேன். அவள் டம்ளரைத் தொடவில்லை.

"ஏனுங்கம்மா, தெரியாம நடந்து போச்சுங்க. நாங்க வேணும்னா சாமியார்கிட்டச் சொல்லி எங்கம்மாவ வேற எடத்துக்கு மாத்திக்கறமுங்க. ரைட்டரய்யா அன்னிக்கு எஸ்டேட்டு வேலைக்குப் பேரு எழுதலீன்னா எங்களுக்குச் சோறே இல்லீங்க. அவரு பக்கத்து எடத்த நாங்க புடிச்சுக்கிட்டம்னு ஊரு பேசறது நொம்பக் கஷ்டமா இருக்குதுங்க."

ஏனுங்க, சரி என்று நான் சொல்லியிருக்கலாம். என் இடம் திரும்பக் கிடைத்திருக்கும். நாக்கின் நுனிவரை வந்தது. முந்தின நாள் முழுக்க அந்த வார்த்தையின் வேரைப் படித்தவள் நான். அடைக்கலம் கொடுத்து ஒரு வாரம்கூட ஆகாதவளை எப்படிக் கிளப்பச் சொல்வேன்?

"உங்கம்மா அங்கேயே இருக்கட்டும் கண்ணு. மண்ணு போட்டவங்கள்ல நானும் ஒருத்தி. காபியைக் குடி, ஆறுது."

அவள் குடித்தாள். டம்ளரைக் கழுவி வைத்தாள். வாசல்வரை போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப நீங்க எங்கீங்கம்மா போவீங்க?"

அதையே உங்களைக் கேட்கிறேன். நீங்களாவது சொல்லுங்கள். எண்பத்தொரு வயதில் இந்த மலையில் எனக்கு இடம் எது?

இரண்டு நாள் யோசித்துக் கமிட்டிக்கு எழுதினேன். எனக்குப் புது இடம் வேண்டாம், என் காலம் முடிந்ததும் என் கணவரின் குழியையே திறந்து அவர்மேல் என்னை வையுங்கள் என்று கேட்டேன். நம் பங்கில் இது புதிய வழக்கமில்லை. எத்தனையோ குடும்பங்களுக்குத் திறந்திருக்கிறார்கள். பதில் வரவில்லை. நேரில் போனேன். கட்டின கல்லறையைத்தான் திரும்பத் திறக்கலாம், மண் மேட்டைத் திறக்கக்கூடாது என்று தீர்மானம் இருப்பதாகச் செயலாளர் சொன்னார். தீர்மானத்தைக் காட்டுங்கள் என்றேன். தேட வேண்டும் என்றார்.

"இப்ப என்னங்க மேடம் அவசரம்? பாக்கலாமுங்க."

எனக்கு அவசரம் இல்லையென்றால் வேறு யாருக்கு?

சிமெண்டு வேண்டாம், காபி வேருக்கும் மண்தான் பிடிக்கும் என்று சொன்னது நீங்கள். அதனால்தான் உங்களுக்கு மேடை கட்டவில்லை. இத்தனை வருஷம் மழை கரைத்த மண்ணை ஒவ்வொரு நவம்பரிலும் நானே அணைத்துக் கட்டினேன். சிமெண்டு இல்லாத ஏழைகளுக்கெல்லாம் இந்தத் தீர்மானம் பொருந்துமானால், ஆரோக்கியத்தின் கணவனுக்கும் நாளை இதையே சொல்வார்கள். அதனால் இது என் ஒருத்தியின் வழக்கு இல்லை.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். சின்னப்பன் பிடுங்கிய அந்தக் குச்சியைக் கழுவி வைத்திருக்கிறேன். வருகிற கல்லறைத் திருநாளில் உங்கள் மேட்டின் தலைமாட்டில் அதை அடிப்பேன். இந்த முறை குச்சியோடு ஒரு தாளும் இருக்கும். அதை வாங்காமல் நான் சாகப்போவதில்லை.

கமிட்டியாருக்கு: என் கணவரின் குழியை எனக்காகத் திறப்பீர்களா, மாட்டீர்களா? மாட்டீர்கள் என்றால் தீர்மானத்தின் நகலையும் இணைத்து, கையெழுத்திட்டு, எழுத்தில் பதில் தரவும்.

இப்படிக்கு,
ரைட்டரின் மனைவி