மைக்கில் சொன்ன பருத்தி

9.2.2025, ஞாயிறு
காலையில் யுவராணி டீச்சர் போன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கு நூறு வயதாம், 21ஆம் தேதி விழா. "பழைய மாணவிங்கிற முறைக்கு ஒரு கவிதை வாசி பிருந்தா. வர்றவுகளைப் பாராட்டி எழுதினா நல்லது." எனக்கு அது வராது டீச்சர் என்றேன். "சரி, என்னமோ வாசி."

13.2
வேலை பார்க்கும் லேபில் கூட்டம். அருப்புக்கோட்டையில் பாதிப் பேருக்குச் சர்க்கரை. திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது, எழுதி முடித்தேன். அம்மாவைப் பற்றி. பருத்தி எடுத்து முடிந்ததும் நிலத்துக்குச் சொந்தமான காட்டுக்காரர் வரப்பில் நின்று பெண்களை மடி உதறிக் காட்டச் சொல்வாராம். அப்படியும் அம்மா ஒரு கைப்பிடி கொண்டுவந்து கடையில் போட்டு எனக்கு நோட்டு வாங்கித் தந்தாள். கடைக்கு நானும் கூடப் போயிருக்கிறேன். கடைசி வரி:
'மடி உதறிய பிறகும்
மடியில் மிச்சமிருந்தது
என் முதல் நோட்டு.'
நன்றாக வந்திருக்கிறது. எனக்கே பிடித்திருக்கிறது.

21.2, வெள்ளி
வாசித்துவிட்டேன்.
எனக்கு முன்னால் தமிழாசிரியர் இம்மானுவேல் சார் தலைவர் தொடங்கி மைக்செட்காரர் வரை எல்லோரையும் எதுகையோடு பாடினார். விசில் பறந்தது. நான் முடித்தபோது ஒரு சத்தமும் இல்லை. முடிந்ததே தெரியவில்லை அவர்களுக்கு! "முடிஞ்சிருச்சுங்க" என்றேன். அப்புறம்தான் தட்டினார்கள். பெற்றோர் சங்கத் தலைவர் ராம்குமார் சால்வை போட்டார். "கவிதைன்னாக, சும்மா பேசுற மாதிரில்ல இருந்துச்சு." வரப்பில் நின்ற காட்டுக்காரர் இவருடைய அப்பாதான். புரிந்ததோ இல்லையோ, சிரித்தார்.
பெண்கள் பக்கம் புரிந்துவிட்டது. "ஏ மூக்கம்மா, ஒன்னயத்தான்" என்று யாரோ சொன்னது மேடை வரை கேட்டது. அம்மா எழுந்து போய்விட்டாள்.

22.2
காலையிலிருந்து பேச்சில்லை. மதியம் ஒரே தடவை வெடித்தாள். "ஊரே உக்காந்திருக்கு. அம்புட்டுப் பேரு முன்னால, மைக்குல, பெத்த ஆத்தாளக் களவாணின்னு சொல்லி சால்வை வாங்கிட்டு வந்திருக்க. அந்தக் காட்டுக்காரரே என்னைய அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லடி."
பெருமையாகத்தானேம்மா எழுதினேன்?
"பெருமை ஒனக்கு. எனக்கு?"
சே, நானெல்லாம் ஒரு மனுஷி! எழுதி வாசிப்பதற்குள் எட்டு நாளில் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே. பக்கத்து அறையில்தானே இருந்தாள்.

25.2
இன்றும் பேச்சில்லை. நூறு நாள் வேலைக்கும் போகவில்லை. அங்கே போய் முகத்தைக் காட்ட முடியாது என்று எதிர்வீட்டு அனுசியா அக்காவிடம் சொன்னாளாம்.
இம்மானுவேல் சார் வாட்ஸ்அப்பில்: 'நல்ல முயற்சி. அடுத்த முறை எதுகை சேர்க்கவும்.' இந்த ஆள் வேறு.

27.2
சோறு போட்டு மூடி வைத்திருக்கிறாள். அவ்வளவுதான்.

1.3, சனி
ராக்கம்மாள் சின்னம்மா வந்தாள், அம்மாவோடு பருத்தி எடுத்தவள். என் பக்கம் திரும்பவே இல்லை. நேரே அம்மாவிடம் போய், "என்னத்துக்குடி இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? நான் கொண்டாந்த பருத்தியில எம்மகனுக்குச் செருப்பே வாங்கிக் குடுத்தேன். அந்தப் பய ஒரு வரி எழுதியிருக்கானா?" என்றாள்.
அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்த மாதிரித்தான் இருந்தது. போகும்போது சின்னம்மாவுக்குக் காப்பி கொடுத்தாள். எனக்கு இல்லை.

2.3, ஞாயிறு
இனிமேல் அதை எங்கேயும் வாசிக்க மாட்டேன், கிழித்துப் போட்டுவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.
"மடியில கொண்டாந்தேன்னு ஒனக்கு யாரு சொன்னா?"
நானாகத்தான் நினைத்துக்கொண்டேன் என்றேன்.
"மடியத்தான் ஒதறிக் காட்டணும்ல? அதுல எவளாச்சும் வைப்பாளா? கொண்டைக்குள்ள வச்சு முடிஞ்சுக்கிருவோம். நான், ராக்கு, அம்புட்டுப் பேரும்."
அரிவாள்மனையைத் தள்ளி வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள்.
"எழுதுறதுன்னா கேட்டு எழுதணும். எடு பேனாவ."