மீன்பெட்டித் தாங்கிக்கு ஒரு கொழுவி

செவ்வாய், இரவு.

நாளை காலை வரைபடத்தை வெல்டிங்குக்குக் கொடுக்க வேண்டும். பருத்தித்துறை அன்ரன் அண்ணையின் மோட்டார் சைக்கிளில் மீன்பெட்டி வைக்கும் தாங்கி முறிந்துவிட்டது. புதியது வரும்வரை அவருக்கு வியாபாரம் இல்லை.

இன்று அவருக்கு இரண்டு வரைபடங்களைக் காட்டினேன். ஒன்று நான் கீறியது: நேரான குழாய்கள், சதுரச் சட்டம். மற்றது, சுமையையும் குழாயின் அளவையும் கொடுத்ததும் கணினி தானாக உருவாக்கியது. எடை குறைவு, பலம் கூட. ஆனால் பார்க்கச் சகிக்காது.

"உது என்ன தம்பி, திருக்கை முள்ளோ?"

"கொம்பியூட்டர் கீறினது அண்ணை. விடுங்கோ, மற்றதைப் பாருங்கோ."

"மற்றது எல்லாரிட்டையும் கிடக்கு. உதைப் பாக்கவே சனம் என்னை மறிக்கும். உதையே செய்யும்."

"மறிச்சால் மீன் வாங்குவினமோ?"

"நிண்டாக் காணும், நான் விப்பன். அதுசரி, கொம்பியூட்டர் கீறேக்கை நீர் என்ன செய்தனீர்?"

எரிச்சலும் வந்தது, சிரிப்பும் வந்தது. போகும்போது கேட்டார், "தராசு கொழுவ இடம் எங்கை?" தராசைப் பற்றி நான் கணினிக்குச் சொல்லவே இல்லை.

தராசு மாட்டும் கொழுவியை இப்போதுதான் கீறி முடித்தேன். முழுத் தாங்கியிலும் அது ஒன்றுதான் என்னுடையது. சும்மா சொல்லக்கூடாது, நல்ல வடிவான கொழுவி.