ஐந்தடி வண்டியும் ஆறரை அடிக் கட்டிலும்

மச்சான்,

இன்று காலை பக்கத்து வீட்டு அக்கா ஒரு சோபாவை மகள் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொன்னார். மருமகள் துரத்திவிட்ட சோபா அது. யாரிடமும் சொல்லிவிடாதே, நீ இனிமேல் சொல்லவும் மாட்டாய். வண்டிக்குள் கயிறு தேடினேன், உன் சிவப்புத் துணி கைக்கு வந்தது. அப்படியே நின்றுவிட்டேன். "என்ன தம்பி, முதுகு பிடிச்சிக்கிச்சா?" என்றார் அக்கா. ஆமாம் என்றேன்.

இந்த நாலு கதவு பிக்கப்பை நான் வாங்கிய அன்று, ஈப்போவுக்கு நீ பார்க்க வந்தாய். சீட்டைப் பார்க்கவில்லை, ரேடியோவைக் கேட்கவில்லை. நேரே பின்னால் ஏறி மல்லாந்து படுத்தாய்.

"முழங்கால் மடங்குது மச்சான். இது சாமான் ஏத்துற வண்டி இல்லலா, மாமியார ஏத்துற வண்டி."

தாப்பா பக்கத்துத் தோட்டத்தில் பாதிக் குடும்பங்களை உன் ரெண்டு கதவு வண்டியில் நகர்த்தியவன் நீ. "கடைக்காரன் சொல்ற அஞ்சடி நீளத்த நம்பாத. சக்கரத்து மேடு ரெண்டு பக்கமும் எவ்ளோ தின்னுதுன்னு பாரு. அப்புறம் பின்கதவ இறக்கிப் போட்டு இன்னொரு தரம் படுத்துப் பாரு," என்றாய். இறக்கிப் போட்டுப் படுத்தும் காட்டினாய். கால் முழுசாக நீண்டது. நான் பெயிண்டின் பளபளப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு உன் கிட்னி கெட்டது, வண்டியை விற்றாய். நீ குடியிருந்த தோட்டத்து லய வீடுகளை இடிக்கப் போகிறார்கள் என்றதும் மகள் தன் ஃபிளாட்டுக்கு வரச் சொன்னாள். வீடு மாற்ற என்னைத்தான் கூப்பிட்டாய். சட்டி பானை, டிவி, சாமிப் படம் எல்லாம் உட்கார்ந்துவிட்டன. கட்டில் மட்டும் வெளியே நின்றது. கல்யாணத்துக்கு உன் உயரத்துக்கென்றே செய்த ஆறரை அடிக் கட்டில். உன்னைத் தனியாக விட்டுத் தங்கச்சி போய்ச் சேர்ந்த பிறகும் நீ அதில் ஒரு பக்கமாகத்தான் படுப்பாய்.

"கொஞ்சம் சாமான இறக்கிட்டு, பின்கதவத் தொறந்து போடு மச்சான். வெளிய நீட்டுற காலுக்குச் சிவப்புத் துணி கட்டிக்கலாம்."

ரோட்டில் போலீஸ்காரன் சம்மன் கொடுப்பான் என்றேன். அடுத்த வாரம் லோரி பிடித்து வருகிறேன் என்றேன். பொய். கட்டில் கால் பட்டுக் கதவின் பெயிண்ட் உரிந்துவிடும் என்று பயந்தேன். நீ கதவைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய்.

"சரிலா," என்றாய்.

அடுத்த வாரம் கமுந்திங்கில் ஒரு கல்யாணம். அதற்கடுத்த வாரம் மழை. நான் லோரியோடு போனபோது லயமே இல்லை, கட்டிலும் இல்லை. அந்த மாதமே என் வீட்டு கேட் தூணில் நானே ரிவர்ஸில் மோதி, பொத்திப் பொத்திக் காத்த கதவை நசுக்கினேன். என் மனைவி இன்றும் வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டிவிட்டுத்தான் காப்பி கொடுக்கிறாள்.

ஃபிளாட்டில் உனக்குப் பேரனுடைய கட்டில். கால் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒருநாள் வந்து பார்த்தால், கால் பெருவிரலில் சிவப்புத் துணி.

"வண்டிய விட சாமான் நீளம் மச்சான். சட்டப்படி கட்டியிருக்கேன்."

உன் மகள் சிரித்தாள். நான் அவளைவிடச் சத்தமாகச் சிரித்தேன். அப்போது சொல்லியிருக்கலாம், பெயிண்டுக்காகத்தான் பொய் சொன்னேன், மன்னிச்சிரு மச்சான் என்று. வாயும் திறந்தேன். வந்தது, "தே தாரேக் வாங்கியாரவா?" கிட்னிக்காகத் தண்ணீரையே அளந்து குடிக்கும் மனுஷனிடம் டீ! நீ துணியை விரலிலிருந்து உருவி என் மேல் எறிந்தாய். "வச்சிக்கோ. உன் வண்டிக்குத்தான் வேணும்."

உன் கடைசி நாளில், கால் பெருவிரல் இரண்டையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்தேன். பிறகு அங்கே இருந்தவர்களிலேயே அதிகம் அழுதது நான்தான். எத்தனையோ மாதம் கழித்து, தரையில் பாயில், நீ முழுசாகக் கால் நீட்டிப் படுத்திருந்தாய்.

இப்போது யார் எதைக் கேட்டாலும் பின்கதவை இறக்கிவிடுகிறேன். அதில் பெயிண்டும் பெரிதாக மிச்சமில்லை. துணியின் ஒரு முனையில் உன் விரலுக்குப் போட்ட முடிச்சு வளையமாக அப்படியே இருக்கிறது. அதை நான் அவிழ்ப்பதில்லை. மறுமுனையைத்தான் சோபாவின் காலில் கட்டினேன்.