நான்காம் மேடையின் கால் வினாடி

மார்ச் 9, காலை 6.40. நான்காம் மேடையில் இதுவரை 212 குதிப்புகள்.

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறார்களா?

இங்கே நீச்சல் குளத்தின் குதிமேடைகளில் சென்சார் பொருத்தியிருக்கிறேன். விசிலுக்கு யார் எவ்வளவு விரைவாகக் குதிக்கிறார்கள் என்று அது காட்டும். நான்காம் மேடைப் பெண் மட்டும் எப்போதும் கால் வினாடி தாமதம். "எருமை, தூங்குறியா?" என்று கோச் அவள் முதுகில் நீச்சல் பலகையால் அடிப்பார். நானோ சென்சார்தான் பழுதென்று மூன்று முறை மாற்றினேன். மடையன்!

வியாழனன்று கோச் விடுப்பு. உதவியாளர் விசில் ஊதினார். முப்பது தடவையும் அவள்தான் முதலில் குதித்தாள். எனக்குப் புல்லரித்துவிட்டது. அடிக்குப் பயந்து உடம்பு இறுகும் நேரத்தை இயந்திரம் அளந்திருக்கிறது, அப்பா!

அந்த நேரங்களை அச்செடுத்து அவளிடம் கொடுத்தேன். நேற்று அந்தத் தாளை அவளே கோச்சிடம் நீட்டினாள். "மெஷின் நல்லாத்தான் இருக்கு சார். நீங்க பின்னாடி நின்னா உடம்பு நகர மாட்டேங்குது." அவர் கத்தினார். அவள் நீட்டிய கையை இறக்கவே இல்லை. பதினாறு வயதுதான்! பிரமிப்பு இன்னும் அடங்கவில்லை.

தங்கச்சி ஓட்டப் பயிற்சி செய்யும்போது நீங்களும் பெல்ட்டோடுதான் நிற்கிறீர்கள். "உன் நல்லதுக்குத்தான்" என்று நானும் அவளிடம் சொன்னேன். தப்பு.

தங்கச்சியை எனக்கு இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள், எதைப் பற்றியாவது. இங்கே யாரும் என்னிடம் சும்மா பேசுவதில்லை. பஸ் வந்துவிட்டது, மீதியை உள்ளே உட்கார்ந்து எழுதுகிறேன்.

இனி செய்யப்போவது:

1. 212 பதிவுகளையும் இன்றே நிர்வாகத்திடம் கொடுப்பேன்.
2. தங்கச்சியிடம் மன்னிப்புக் கேட்பேன்.
3. தினமும் அவள் ஓடும் நேரத்தில் உங்களுக்குப் போன் செய்வேன். வீட்டுக்குள் உட்கார்ந்து பேசுங்கள், முழங்காலுக்கும் நல்லது.