கோலாலம்பூருக்கு நாலு மணி நேரம்

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். வேட்டி காயவில்லை. நடை இல்லை. சுகர் 188.

பதினொன்றுக்கு கோலாலம்பூரிலிருந்து போன். ஜெபா, ரோஸி அக்காவின் மகன். அக்காவுக்கு ஸ்ட்ரோக். ஐ.சி.யூ. வலது பக்கம் வரவில்லை, பேச்சும் இல்லை. "மாமா, வந்து பாக்கணும்னா இப்பவே வாங்க."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆறரை மணி நேரம் விமானத்தில் எப்படி உட்காருவது? அரை மணிக்கு ஒரு தரம் பாத்ரூம் ஓடுகிற ஆள் நான்.

நவ. 5, புதன்

மழை விட்டது. எடுக்க வேண்டியவை:
பாஸ்போர்ட் (அக்கா திட்டித் திட்டி எடுக்க வைத்தது. ஒரு முத்திரை கூட இல்லை)
பத்து நாள் மாத்திரை, ஸ்வெட்டர்
அக்காவுக்கு நார்த்தங்காய் ஊறுகாய். விழுங்க முடியாதே. அடித்துவிட்டேன்.

மாலை கிழக்குத் தாம்பரம், யூசுப்பின் டிக்கெட் கடை. என்னிடம் பத்தாவது படித்தவன். 10.15க்குப் புறப்பாடு, 16.40க்கு இறங்குகிறது. "ஆறரை மணி நேரம். நடுவுல எழுந்து நடக்க விடுவாங்களா?" என்றேன்.

"இன்னா சார், ஆறரையா? நாலு கூட இல்ல சார். இறங்குற டைம் அவங்க ஊரு டைம். நம்மள விட ரெண்டரை ஹவர் முன்னாடி கீது. நீங்கதானே சார் இதெல்லாம் க்ளாஸ்ல சொல்லிக் குடுத்தீங்க!"

ஆமாம், நானேதான். முப்பத்திரண்டு வருஷம் புவியியல் வாத்தியார். பதினைந்து டிகிரிக்கு ஒரு மணி நேரம் என்று போர்டில் எழுதி எழுதிக் கை தேய்ந்தவன். ஜெபா தன் கல்யாணத்துக்கு அனுப்பிய டிக்கெட்டில் இறங்கும் நேரத்திலிருந்து ஏறும் நேரத்தைக் கழித்தேன், அவ்வளவுதான். உடம்பு தாங்காது என்று கல்யாணத்துக்குப் போகவில்லை. அத்தான் அடக்கத்துக்கும் போகவில்லை. மடையன்.

நவ. 6, வியாழன்

வெயில். பெட்டி கட்டியாயிற்று. அட்லஸில் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், சுமார் 2,600 கி.மீ. வருஷா வருஷம் சர்ச் அசன விருந்துக்குத் திருநெல்வேலி போகிறேன், ரயிலில் பத்து மணி நேரம். ரயிலில் நடக்கலாமே என்று எனக்கு நானே சமாதானம். ஏர்போர்ட் இங்கிருந்து நாலாவது ஸ்டேஷன்.

ஜெபாவிடம் கணக்குத் தப்பிய கதையைச் சொன்னேன். வெட்கம்தான். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"நெஜமாவே தெரியாதா மாமா? அம்மாவுக்குத் தெரியும். எத்தனை தடவ ஊருக்கு வந்துட்டுப் போயிருக்காங்க. 'ஜாக்ரபி வாத்தியாருக்கு இது தெரியாதாடா? வர இஷ்டமில்ல, அதான் ஆறரைங்கறான். விடு, கேட்டுச் சங்கடப்படுத்தாத'ன்னு சொல்வாங்க."

இத்தனை வருஷமும் அப்படியே நினைத்திருக்கிறாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போனை அக்கா காதில் வைக்கச் சொன்னேன். "அக்கா, சத்தியமா தெரியாதுக்கா. வர்றேன்க்கா" என்றேன். மெஷின் சத்தம் மட்டும் கேட்டது.

நவ. 7, வெள்ளி

இறங்கியாயிற்று. இங்கே 4.40. என் வாட்சில் 2.10. பாத்ரூமுக்கு ஒரே ஒரு தரம்தான் எழுந்தேன்.