சம்பந்தியின் தலை

மார்ச் 3, திங்கள்

எங்கள் கட்டடத்தில் இன்று புதிதாகச் சேர்ந்த மேஸ்திரி யார்? என் வருங்காலச் சம்பந்தி! அவர் மகனுக்கு என் மகளைப் பேசி முடித்து மாதம்கூட ஆகவில்லை. இங்கே பாதுகாப்பு அதிகாரி நான். அவரோ வெறுந்தலையோடு வந்து நிற்கிறார்.

"ஹெல்மெட் போட்டுக்குங்க சம்பந்தி."

"நமக்குச் சூடு சேராது சம்பந்தியம்மா."

சிரித்து மழுப்பிவிட்டேன். வேறு யாராவது என்றால் விட்டிருப்பேனா?

மார்ச் 4

அவரைப் பார்த்துக் கம்பி கட்டுகிறவர்களும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டார்கள். "மேஸ்திரிக்கு ஒரு சட்டம், எங்களுக்கு ஒரு சட்டமா மேடம்?" சம்பந்தியை வாசலோடு திருப்பி அனுப்பினேன்.

வீட்டில் பூகம்பம். கணவர்: "பொண்ணு கொடுக்கிற இடத்துலயா உன் அதிகாரத்தைக் காட்டுவே?" மகள்: "அவர் தலையைக் காப்பாத்தப் போய் என் தலையில கல்லைப் போட்டுட்டியேம்மா!"

மார்ச் 5

அந்தப் பக்கமிருந்து போனே இல்லை. செய்தது தப்பா?

மார்ச் 6

வந்துவிட்டார்! ஹெல்மெட்டோடு, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு.

மதியம் சிமெண்ட் அறைக்குள் நுழைந்தேன். அங்கே தனியாக இருந்த சம்பந்தி வியர்வை துடைக்க ஹெல்மெட்டைக் கழற்றினார் — முடியும் கூடவே வந்துவிட்டது. அத்தனையும் டோப்பா! ஹெல்மெட்டுக்குள் பூனைக்குட்டி மாதிரி சுருண்டு கிடந்தது. நான் சுவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"வீட்டுக்காரிக்கு மட்டும்தான் தெரியும். பையனுக்குக்கூடத் தெரியாது. சொல்லிடாதீங்கம்மா..."

தொண்டை வரை வந்த சிரிப்பை விழுங்கினேன். ஓர் ஏற்பாடு: காலையில் டோப்பா என் அலமாரிக்குப் போகும், மாலையில் தலைக்குத் திரும்பும்.

மார்ச் 12

"தினமும் கதவைச் சாத்திக்கிட்டு அப்படி என்ன ரகசியம்?" என்கிறார் இன்ஜினியர். கல்யாண விஷயம் என்றேன். பொய்யும் இல்லையே!

மார்ச் 19

எழுதினால்தான் படபடப்பு அடங்கும். சாரத்திலிருந்து நழுவிய இரும்புக் கிளாம்ப் நேராகச் சம்பந்தி தலையில் 'டங்'கென்று விழுந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஹெல்மெட்டில் விரிசல். அதைக் கழற்றப் போனால், இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம்! செத்தாலும் கழட்டாதீங்க!"

"எல்லாரும் தள்ளிப் போங்க!" என்று கத்தினேன். யார் கேட்டார்கள்? கடைசியில் அவரே கண்ணை மூடிக்கொண்டு கழற்றினார்.

பளபளவென்று வழுக்கை. ஒரு கீறல் இல்லை. முடி எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. "ரத்தம் இல்ல மேடம், ரத்தமே இல்ல!" — கம்பி கட்டுகிறவர் அந்தத் தலையைத் தடவித் தடவி அழுதார்.

ஸ்கேன் பார்த்த டாக்டரும் ஒன்றுமில்லை என்றார். பதறி ஓடிவந்த மகன் அப்பாவின் தலையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மெதுவாக, "எனக்கும் கொட்ட ஆரம்பிச்சிருச்சுப்பா" என்றான். கூட வந்திருந்த என் மகள் திரும்பி என்னை முறைத்தாள்.

ஏப்ரல் 27

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. குடும்பப் படம் எடுக்கும்போது போட்டோக்காரர் நெளிந்தார்: "ஐயா, உங்க தலையில வெளிச்சம் அடிக்குது..."

"அடிக்கட்டும்ப்பா" என்றார் சம்பந்தி, இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நின்று.